காலியாக இருக்கும் தட்டு

கல்லூரிகள் திறக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நாட்டின் எந்த விடுதிக்குச் சென்றாலும் ஏறக்குறைய ஒரே காட்சியைக் காணலாம். வாசலில் ஆட்டோக்களும் கார்களும் நிற்கின்றன. மெத்தை, தலையணை, வாளி, குவளை, கொசுவலை, ஊறுகாய்ப் புட்டிகள், பெட்டிகள் எனப் பலவற்றைச் சுமந்தபடி பெற்றோர் மாடிப்படி ஏறுகின்றனர். அறைக்குள் நுழைந்ததும் அவர்கள் முகத்தில் ஒரு கணம் திகைப்பு தோன்றுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதற்குள் மூன்று இரும்புக் கட்டில்கள், மூன்று மேசைகள், மூன்று நாற்காலிகள், சுவரில் பதித்த ஓர் அலமாரி, ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி. ‘இதில் மூன்று பேர் எப்படி இருப்பார்கள்?’ என்று தாய் கேட்கிறார். ‘எல்லாம் பழகிவிடும்’ என்று தந்தை கூறுகிறார். மாலைக்குள் அவர்கள் புறப்பட்டுவிடுகின்றனர்.

அந்த அறையை ஒழுங்குபடுத்துவது சில மணி நேர வேலையாகத் தோன்றலாம். பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். கதவின் பின்புறம் கொக்கிகள் அடித்துச் சட்டைகளை மாட்டலாம். ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவர் வரை நைலான் கயிறு கட்டித் துண்டுகளை உலர்த்தலாம். இவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே மாணவர்கள் தாமே கற்றுக்கொள்கின்றனர். கடினமான பகுதி வேறு. வீட்டில் வளர்ந்த ஒருவன் அதுவரை ‘இதை எங்கே வைப்பது?’ என்று மட்டுமே கேட்டிருப்பான். ‘இதை இங்கே வைக்க எனக்கு உரிமை உண்டா?’ என்று கேட்க வேண்டிய நிலை பெரும்பாலும் விடுதியில்தான் முதன்முறையாக வருகிறது. அதைக் கேட்காமலேயே நான்கு ஆண்டுகளைக் கழித்துவிடுபவர்களும் உண்டு.

நாகபுரி போன்ற ஒரு நகரத்தின் கல்லூரி விடுதியில் அத்தகைய ஓர் அறை இருப்பதாகக் கொள்க. அலமாரியில் ஆறு தட்டுகள், ஆளுக்கு இரண்டு. ஒரு மாணவன் இந்தூரைச் சேர்ந்த வணிகர் குடும்பத்துப் பிள்ளை. அவன் கொண்டுவந்தவை இரண்டு தட்டுகளையும் நிரப்பி, மேசையையும் மறைத்து, கட்டிலுக்கடியிலிருந்தும் வெளியே எட்டிப் பார்க்கின்றன. இரண்டாமவன் மைசூரைச் சேர்ந்தவன்; எதையும் வைத்த இடத்திலேயே வைப்பவன். மூன்றாமவன் பீகாரில் தர்பங்காவுக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து வந்தவன். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், அவ்வளவுதான். அவனுடைய துணிகளும் புத்தகங்களும் ஒரு தட்டில் அடங்கிவிட்டன. மற்றொரு தட்டு காலியாக இருந்தது.

ஒரு வாரம் சென்றது. ஒரு நாள் அவன் வகுப்பிலிருந்து திரும்பியபோது காலியாக இருந்த அந்தத் தட்டில் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன. இந்தூர் மாணவனின் காலணிகளும், இன்னும் பிரிக்கப்படாத சில பொருட்களும் அவற்றுள் இருந்தன. அவன் பார்ப்பதைக் கண்டு மற்றவன் இயல்பாகச் சொன்னான்: ‘சும்மாதானே கிடந்தது!’ கிராமத்து மாணவன் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் தவறு ஏதேனும் நிகழ்ந்துள்ளதா? எந்தப் பொருளும் திருடப்படவில்லை. யாருக்கும் நஷ்டம் இல்லை. பயன்படாமல் கிடந்த இடம் பயன்பட்டிருக்கிறது. சிறிய அறையில் அதுவே விவேகம் என்றுகூட வாதாடலாம். மேலும் அந்த இந்தூர் மாணவன் கெட்டவன் அல்லன். வீட்டிலிருந்து வரும் சேவையும் மிக்சரையும் அறை முழுவதற்கும் திறந்து வைப்பவன். தன் மடிக்கணினியைக் கேட்டவருக்கெல்லாம் கொடுப்பவன். ஆன்மீக நாட்டம் உடைய ஒருவர் கிராமத்து மாணவனை நோக்கியே பேசக்கூடும்: ‘அப்பா, ஒரு மரப்பலகையில் என்ன இருக்கிறது? விட்டுக்கொடு. பற்றின்மையைப் பழக இதைவிட எளிய வாய்ப்பு கிடைக்குமா?’

இந்த அறிவுரை உயர்ந்ததாகவே தோன்றுகிறது. ஆயினும் அது தவறான ஆளிடம் சொல்லப்படுகிறது.

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் ஐந்து யமங்களைக் கூறும்போது அஸ்தேயம் எனப்படும் களவாமையை மூன்றாவதாகவும், அபரிக்கிரகம் எனப்படும் பொருள் சேர்க்காமையை இறுதியிலும் வைக்கிறார். இவ்விரண்டுக்கும் உள்ள நெருக்கத்தை இக்காலத்தில் மிகத் தெளிவாக எடுத்துரைத்தவர் காந்தியடிகள். 1930-இல் எரவாடா சிறையில் இருந்தபோது, ஆசிரமவாசிகளின் விரதங்களைப் பற்றி வாரந்தோறும் ஒரு கடிதமாக அவர் எழுதி வந்தார். செவ்வாய்க்கிழமைக் காலைப் பிரார்த்தனைக்குப் பின் எழுதப்பட்டதால் அத்தொகுப்புக்குக் குஜராத்தியில் ‘மங்கள பிரபாத்’ என்றே பெயர் வந்தது. சிறை அறை ஒன்றில் அமர்ந்து உடைமையைப் பற்றிச் சிந்தித்த அவர், களவு என்ற சொல்லின் எல்லையை வெகுவாக விரித்தார். தனக்கு உண்மையான தேவையில்லாத ஒன்றைப் பிறரிடமிருந்து, அவருடைய சம்மதத்துடனேயே பெற்றுக்கொண்டாலும் அது களவே என்பது அவருடைய கருத்து. சட்டம் இதை ஏற்காது. ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் வாழ்பவருக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அங்கே ஒருவனுடைய தேவையற்ற பொருள் ஒவ்வொன்றும் வேறொருவன் கால் வைக்க வேண்டிய தரையில்தான் இருக்கிறது.

அந்தத் தட்டு கிராமத்து மாணவனுக்கு என்னவாக இருந்தது என்பதை யாரும் கேட்கவில்லை. ஆறு பேர் ஒரே அறையில் உறங்கும் வீட்டில் வளர்ந்தவன் அவன். அவனுக்கென்று தனியாக ஓர் ஆணிகூட அங்கே இருந்ததில்லை. ‘இது உன்னுடையது’ என்று வாழ்க்கையில் முதல் முறையாக அவனிடம் ஒப்படைக்கப்பட்ட இடங்களுள் ஒன்று அது. நிரப்ப எதுவும் இல்லாதபோதும், அப்படி ஓர் இடம் இருப்பதே அவனுக்கு ஒரு செல்வமாக இருந்திருக்கலாம். பொருள் நிறைந்தவனின் கண்ணுக்கு அது வெறும் வெற்றிடம்.

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபம் எழுகிறது. வெற்றிடத்தின் மீது கொள்ளும் பற்றும் பற்றுதானே? ஆம். காலியான தட்டையும் ‘எனது’ என்று இறுகப் பிடித்துக்கொள்ள மனத்தால் இயலும். குகையில் வாழ்பவருக்கும் குகையின் மீது ஆசை உண்டாகலாம். ஆனால் அந்தப் பற்றை விட வேண்டியவன் அவனேயன்றி வேறு யாரும் அல்லன். ஒருவனுக்காக மற்றொருவன் உண்ண இயலாததுபோல், ஒருவனுக்காக மற்றொருவன் துறக்கவும் இயலாது. இந்தூர் மாணவன் அட்டைப் பெட்டிகளை வைத்தபோது அவன் எடுத்துக்கொண்டது பலகையை மட்டுமன்று. ‘எடுத்துக்கொள்’ என்று சொல்லும் வாய்ப்பையும் அவன் எடுத்துவிட்டான். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாத அந்த மாணவனிடம் கொடுக்கத்தக்கதாக இருந்தது அது ஒன்றுதான்.

கேட்டிருந்தால் போதுமா? கேட்பது நல்லதுதான். ஆனால் கேள்வி கேட்கப்படும் சூழலையும் கவனிக்க வேண்டும். நேற்று மடிக்கணினி கொடுத்தவன் இன்று தட்டைக் கேட்கிறான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலம் சரளமாக வராத, விலையுயர்ந்த ஒரு பொருளும் இல்லாத பதினெட்டு வயது இளைஞன், அறையில் எல்லோருக்கும் வேண்டியவனாக இருக்கும் தோழனிடம் மறுத்துப் பேசுவான் என்று எதிர்பார்க்க முடியாது. மறுக்க இயலாதவனிடம் பெறும் சம்மதம் பாதி சம்மதமே. ஆகவே கேட்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த இரண்டு பெட்டிகளையும் திறந்து, அவற்றில் உள்ளவை இந்தப் பருவத்துக்குத் தேவைதானா என்று தன்னையே கேட்டுக்கொள்வது. ஒரு மாதமாகப் பிரிக்கப்படாத பொருள், அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே விடையளித்துவிட்டது.

கல்லில் வெட்டிய கட்டில்கள்

எல்லாவற்றையும் துறந்தவர்களுக்கு இத்தகைய சிக்கல்கள் இருந்திருக்காது என்று எண்ணத் தோன்றும். மகாராஷ்டிரத்தில் உள்ள அஜந்தாவின் 12-ஆம் குகை அந்த எண்ணத்தைச் சற்றே மாற்றும். கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட காலத்தில் பௌத்தத் துறவிகளுக்காகக் குடையப்பட்ட விகாரம் அது. நடுவில் கூடம், மூன்று பக்கங்களிலும் பக்கத்துக்கு நான்காகப் பன்னிரண்டு சிற்றறைகள். ஒவ்வோர் அறையிலும் இரண்டு கற்கட்டில்கள். தலைமாட்டில் தலையணைபோல் சற்று உயர்த்தி விடப்பட்ட கல். இந்த அறைகளைக் காணும் எவருக்கும் விடுதி அறையின் நினைவு வராமல் இருக்காது. அறைக்கு இருவர் என்பது அன்றே பாறையில் எழுதப்பட்டுவிட்டது.

அந்தத் துறவிகள் எவ்வாறு வாழ வேண்டும் என்பதை வினய நூல்கள் வியப்பூட்டும் நுணுக்கத்துடன் வகுத்துள்ளன. மூன்று ஆடைகள், பிச்சைப் பாத்திரம், இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி என்னும் எட்டுமே ஒரு துறவியின் உடைமைகள் என்பது மரபு. கூடுதலாக ஓர் ஆடையோ பாத்திரமோ கிடைத்தால் பத்து நாட்களுக்கு மேல் வைத்திருத்தல் குற்றம். இவ்வளவு குறைவாக வைத்திருந்தவர்களுக்கும் இடப் பிரச்சினை இருந்தது! தங்குமிடத்தில் முன்னரே வந்து தங்கியிருக்கும் துறவியை நெருக்கியடித்துக்கொண்டு, ‘இடம் போதாதவர் தாமே எழுந்து போகட்டும்’ என்ற எண்ணத்துடன் படுத்துக்கொள்வது குற்றம் என்று ஒரு விதி கூறுகிறது. இந்த விதியை இயற்றியவர்கள் மனித மனத்தை நன்கு அறிந்திருந்தனர். யாரையும் வெளியே தள்ள வேண்டியதில்லை. மெல்ல மெல்ல நெருக்கினால் போதும், மற்றவர் தாமே போய்விடுவார். செயலை மட்டுமின்றி, செயலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த எண்ணத்தையும் விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

அறையைப் பெருக்கும் முறையும் அங்கே கூறப்பட்டுள்ளது. முதலில் பாத்திரத்தையும் ஆடைகளையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். பின்பு விரிப்புகள், மெத்தை, தலையணை. ஒட்டடையை மேற்கூரையிலிருந்து தொடங்க வேண்டும். பாத்திரத்தைக் கட்டிலுக்கடியில் வைப்பதற்கு முன், கீழே ஏதேனும் இருக்கிறதா என்று மற்றொரு கையால் தடவிப் பார்க்க வேண்டும். சங்கத்துக்குப் பொதுவான கட்டிலையோ மெத்தையையோ திறந்த வெளியில் போட்டுவிட்டு, அதை எடுத்து வைக்காமலும் எடுத்து வைக்கச் சொல்லாமலும் புறப்பட்டுப் போவது குற்றம். மழையில் நனைந்து துருவேறிய கட்டில்களை மொட்டை மாடியில் கண்டிருக்கும் விடுதிக் காப்பாளர்கள் இந்த விதியின் அருமையை உணர்வார்கள்.

படுக்கையிடங்களை ஒதுக்கித் தருவதற்கென்றே ஒரு துறவி நியமிக்கப்பட்டார். ஆசை, வெறுப்பு, மயக்கம், அச்சம் ஆகிய நான்கினாலும் ஒருபக்கம் சாயாதவராக அவர் இருக்க வேண்டும். எந்த இடம் ஒதுக்கப்பட்டது, எது ஒதுக்கப்படவில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அப்பணியில் புகழ்பெற்றவர் தப்ப மல்லபுத்தர். சூத்திரங்களை ஓதுபவர்களை ஓதுபவர்களுடனும், தியானம் பழகுபவர்களைத் தியானம் பழகுபவர்களுடனும் அவர் தங்கவைத்தார் என்கின்றன நூல்கள். வீண்பேச்சில் விருப்பமுள்ளவர்களையும் அவர் விட்டுவிடவில்லை. அவர்களையும் ஒன்றாகவே தங்கவைத்தாராம்! ஒருவருடைய நல்ல பழக்கம்கூட மற்றவருக்கு இடையூறாகலாம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒழுங்கின் பெயரால்

இது மைசூர் மாணவனிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. அவனைப் பற்றி இதுவரை எதுவும் சொல்லவில்லை. சொல்லும்படியான குறை எதுவும் அவனிடம் தென்படவும் இல்லை. அவனுடைய படுக்கை விரிப்பில் சுருக்கம் இராது. புத்தகங்கள் உயரவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். அறையின் ஒரே ஜன்னலின் விளிம்பில் இறைவனின் திருவுருவப் படம் ஒன்றை வைத்துள்ளான். தினமும் காலை நான்கு மணிக்குக் கடிகாரம் ஒலிக்க எழுகிறான். விளக்கைப் போட்டு, ஊதுவத்தி ஏற்றி, ஜபத்தில் அமர்கிறான். இரவு ஒரு மணி வரை படித்துவிட்டுப் படுத்த மற்ற இருவரும் அந்த ஒலியில் விழித்து, வெளிச்சத்தில் புரண்டு, புகையில் இருமுகின்றனர். ஜன்னலில் படம் இருப்பதால் மற்றவர்கள் அங்கே ஈரத் துணியைப் போட முடிவதில்லை. ஊதுவத்தி அணைந்துவிடும் என்பதால் அவன் எழுந்து முடிக்கும் வரை மின்விசிறியும் சுழல்வதில்லை. குறை கூறினால் இறை வழிபாட்டையே குறை கூறுவதாகிவிடுமோ என்று இருவரும் பேசாமல் இருக்கின்றனர்.

இந்தூர் மாணவன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டான். இவனோ அறை முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டான். பொருட்கள் மட்டும்தான் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதில்லை. ஒலியும் ஒளியும் புகையும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ‘நான் சரியானதைச் செய்கிறேன்’ என்ற எண்ணமோ இவையெல்லாவற்றையும்விட அதிக இடம் கேட்கிறது. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் யோகிக்குரிய ஆசனத்தைப் பற்றிக் கூறும்போது அது மிக உயரமாகவும் இருக்கலாகாது, மிகத் தாழ்வாகவும் இருக்கலாகாது என்று அளவைக்கூடக் குறிப்பிடுகிறது; தனிமையான இடத்தையும் சொல்கிறது. விடுதி அறை தனிமையான இடமன்று. அங்கே தனிமையை உண்டாக்க வேண்டுமெனில், மற்றவர்கள் உறக்கத்தைக் கலைக்காமல் எழுந்து, தாழ்வாரத்தின் கோடியிலோ மாடியிலோ சென்று அமர வேண்டும். அல்லது தன் கட்டிலிலேயே இருளில் அசையாமல் அமர்ந்திருக்கலாம். தலையணைக்கடியில் ஒலியின்றி அதிரும்படி கைபேசியை வைத்துக்கொள்ள இன்று வசதியும் இருக்கிறது. ஊதுவத்தி இல்லாவிட்டால் ஜபம் நடவாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

ஒழுங்கு என்ற சொல்லிடம் சற்று எச்சரிக்கையாகவே இருக்க வேண்டியுள்ளது. ‘எந்தப் பொருளும் அதனதன் இடத்தில்’ என்று தொடங்குவது, ‘எந்த மனிதனும் அவனவன் இடத்தில்’ என்று முடிந்த காலங்கள் நம் நாட்டில் உண்டு. கிழக்கு வங்காளக் கிராமம் ஒன்றில் சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த மேகநாத் சாஹா, 1911-இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்து ஈடன் இந்து விடுதியில் தங்கினார். அவருடைய சாதியைக் காரணம் காட்டி, ஒரே கூடத்தில் அவருடன் அமர்ந்து உண்ணச் சில மாணவர்கள் மறுத்தனர். பின்னாளில் விண்மீன்களின் ஒளியைப் படித்தறிய உதவும் சமன்பாட்டைக் கண்டவர் அவர். அவரை விலக்கிய அந்த மாணவர்களும் தங்களைத் தூய்மை பேணுபவர்களாகவே எண்ணியிருப்பார்கள். இன்று அந்த அளவுக்கு வெளிப்படையாக நடப்பது அரிது. ஆயினும் யாருடைய குவளையை யாருடைய குவளைக்கு அருகில் வைக்கலாம், யாருடைய கட்டில் கதவருகே குப்பைக்கூடையின் பக்கம் போகிறது என்பவற்றை ஊன்றிப் பார்த்தால், அறையின் ஒழுங்கை யார் தீர்மானித்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஆகவே ஓர் அறை ஒழுங்காக உள்ளதா என்று அறிய விரும்புபவர், மடித்த போர்வைகளைப் பார்த்துத் திருப்தியடைவது போதாது. அந்த அறையில் மிகக் குறைவாகப் பேசுபவன் எங்கே அமர்ந்து படிக்கிறான் என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு மின் இணைப்பில் யாருடைய கைபேசி கடைசியாக மின்னேற்றப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கயிற்றின் வெயில் படும் பாதியில் யாருடைய துணிகள் காய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

பெற்றோரின் பங்கையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. பிள்ளையின் மீதுள்ள அன்பைப் பொருளாக மாற்றி அனுப்புவது எளிது. பிரிவின் துயரத்தில் அது இயல்பும்கூட. ஆனால் பட்டியல் போட்டுப் பொருள் வாங்கும் குடும்பத்தில், ‘உன்னுடன் இருக்கப்போகும் மற்ற இருவருக்கும் இடம் இருக்குமா?’ என்று யாரேனும் ஒருவர் கேட்டால் அந்தப் பட்டியலில் பாதி தானே உதிர்ந்துவிடும்.

அமைதியாக இருந்தவனின் கடமை

இனி கிராமத்து மாணவன். அவனுடைய மௌனம் பொறுமையா? பொறுமையாகவே இருந்தால் பாராட்டத்தக்கது. உண்மையில் ஒருவன் மனமுவந்து அந்தத் தட்டை விட்டுவிட்டான் எனில் அதன்பின் அட்டைப் பெட்டிகள் அவன் கண்ணில் உறுத்தாது. ஆனால் தினமும் அலமாரியைத் திறக்கும்போது உறுத்துகிறது எனில், அவன் எதையும் விடவில்லை. பலகையை இழந்து, அந்த இடத்தில் மனக்கசப்பைச் சேமித்துக்கொண்டிருக்கிறான். தட்டில் வைப்பதற்குப் பொருள் இல்லாதவன் என்று கருதப்பட்டவனிடம் இப்போது ஒரு பெரிய பொருள் சேர்ந்துவிட்டது.

மேலும் அவனுடைய மௌனம் தோழனுக்கும் நன்மை செய்யவில்லை. தான் செய்தது இன்னதென்று அறியாமலேயே இந்தூர் மாணவன் நான்கு ஆண்டுகளைக் கழித்து, வீடு கட்டும்போது அண்டை வீட்டாரின் சந்திலும், அலுவலகத்தில் கீழே பணிபுரிவோரின் நேரத்திலும் அதையே செய்வான். ‘சும்மாதானே கிடந்தது’ என்பான். அவனுக்கு இதைச் சொல்லித்தர இப்போது அருகில் இருப்பவன் ஒருவனே. அகிம்சையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் கடுஞ்சொல் கூறாமையே நினைவுக்கு வருகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டு, உள்ளுக்குள் ஒருவனை வெறுத்துக்கொண்டிருப்பதும் இம்சைதான். அதில் அடிபடுபவனுக்கு அடி விழுவதுகூடத் தெரியாது.

சொல்வதற்கு ஏற்ற காலமும் உண்டு. முதல் மாதத்தில் சொன்னால் அது ஒரு வாக்கியம். ஆறாம் மாதத்தில் சொன்னால் அது ஒரு சண்டை. அப்போது தட்டோடு சேர்த்து வேறு பத்து விஷயங்களும் வெளியே வரும். குரலை உயர்த்தாமல், நியாயம் பேசாமல், ‘அந்தத் தட்டு எனக்கு வேண்டும்’ என்று கூறினாலே போதும். ‘எதற்கு?’ என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. காலியாக வைத்திருப்பதற்கு என்றே சொல்லலாம்.

பெரும்பாலான இளைஞர்கள் இத்தகைய சொல்லைக் கேட்டதும் வெட்கப்படுகிறார்களே தவிரக் கோபப்படுவதில்லை. ‘முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?’ என்றபடி இந்தூர் மாணவன் பெட்டிகளைக் கீழே இறக்குவான். அறை நடுவில் நின்று, இவற்றை எங்கே வைப்பது என்று சுற்றும்முற்றும் பார்ப்பான். கட்டிலுக்கடியில் இடமில்லை, மேசையில் இடமில்லை. தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்குச் செல்லும் ரயிலில் இரண்டு அட்டைப் பெட்டிகளுக்கு இடம் இருக்கும்.